உக்கிராணத்துவம்: தமிழ்த் திருச்சபை வழக்கில் ஒரு சொல்லும் அதன் பொருளும்

முன்னுரை

பொருள், காலம், திறன் ஆகியவற்றை இறைவன் தம்மிடம் ஒப்படைத்தவையாகக் கருதிப் பேணுதலைத் தமிழ்க் கிறித்தவர் ‘உக்கிராணத்துவம்’ என்னும் சொல்லால் குறிப்பர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளிலும் இச்சொல் வழங்குகின்றது. ஆயினும் வழிபாட்டிற்கு வெளியே இதனைக் கேட்டிராத இளையோர்க்கு இது காணிக்கை திரட்டலின் மறுபெயராகவே தோன்றுகின்றது. சொல்லின் பொருள் மங்கியமையும் கருத்தின் எல்லை சுருங்கியமையும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதே ஈண்டு எடுத்துரைக்கப்படுகின்றது.

சொல்லும் மொழிபெயர்ப்பும்

உக்கிராணம் என்பது பண்டசாலை. கோயில்களிலும் மடங்களிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றைச் சேமித்து வைக்கும் அறை இப்பெயர் பெறும். அதன் பொறுப்பில் உள்ளவர் உக்கிராணக்காரர். ஆக, தமிழ்ச் சமய வழக்கில் முன்னரே ஊன்றியிருந்த ஒரு சொல்லை விவிலிய மொழிபெயர்ப்பாளர் எடுத்தாண்டனர் எனலாம்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஓய்கொனொமொஸ்’ என்பதாகும். வீடு என்னும் பொருளுடைய சொல்லும், பங்கிடுதல், மேலாண்மை செய்தல் என்னும் பொருளுடைய வினையும் இணைந்து பிறந்தது அது. 19ஆம் நூற்றாண்டில் என்றி பவர் தலைமையிலான குழுவினர் செப்பம் செய்த மொழிபெயர்ப்பு, இச்சொல்லை எல்லா இடத்தும் ஒரேவகையாகப் பெயர்க்கவில்லை. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்றும், 12ஆம் அதிகாரத்தில் ‘விசாரணைக்காரன்’ என்றும் அது பெயர்க்கின்றது. முன்னதில் கடன்கள் எண்ணெயாகவும் கோதுமையாகவும் கணக்கிடப்படுகின்றன. நூறு என்றிருந்த எண்ணெய்க் கணக்கு ஐம்பதாகவும், நூறு என்றிருந்த கோதுமைக் கணக்கு எண்பதாகவும் மாற்றி எழுதப்படுகின்றன. பண்டசாலைச் சொல் அங்குப் பொருந்தி நிற்பதில் வியப்பில்லை. பின்னதிலோ வேலையாட்களுக்கு உரிய நேரத்தில் ‘படி’ கொடுப்பதே அவன் பணி. படியளத்தல் என்பது உணவளித்துக் காத்தலைக் குறிக்கும் தமிழ் மரபுத்தொடராகும். ஒரே கிரேக்கச் சொல்லின் இரு முகங்களான சேமித்தலும் அளித்தலும் தமிழில் இரு சொற்களாகப் பிரிந்துவிட்டன. திருச்சபை வழக்கில் நிலைத்ததோ சேமிப்பைச் சுட்டும் சொல்லே.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் லூக்கா 16இல் ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்று கூறுகின்றது. எளிதில் விளங்குவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘பொறுப்பாளர்’ என்று மட்டும் சொல்லும்போது, கையில் உள்ளது பிறர் பொருள் என்னும் குறிப்பு மறைந்துவிடுகின்றது. பண்டசாலைக் காவலர் அங்குள்ள நெல்லைத் தம்முடையது என்று ஒருபோதும் சொல்லார்.

மலேசியத் தமிழாசிரியர்க்கு ஆர்வமூட்டக்கூடிய மற்றொரு சொல்லும் இத்தொடர்பில் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் தீத்து 1ஆம் அதிகாரம், திருச்சபைத் தலைவரைக் ‘கண்காணி’ என்றும், அவர் கடவுளின் உக்கிராணக்காரருக்கு ஏற்றவாறு நடக்க வேண்டியவர் என்றும் கூறுகின்றது. தோட்டத் தொழிலாளரை ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் பெயரும் இச்சொல்லின் திரிபே. ரப்பர்த் தோட்டச் சபையொன்றில் இப்பகுதி படிக்கப்பட்டபோது கேட்டோர் மனத்தில் எவ்வுருவம் எழுந்திருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

கைப்பிடி அரிசி

சொல் ஒருபுறம் இருக்க, அதன் முழுப்பொருளையும் நடைமுறையில் காட்டிய வழக்கம் ஒன்று திருநெல்வேலித் திருச்சபைகளில் இருந்தது. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்து வைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார். கைப்பிடி அரிசி எடுக்கும் முறை இந்து மடங்கள் சார்ந்த அறப்பணிகளிலும் காணப்படுவதால், இது தமிழர் பொதுமரபிற்கு உரியது எனக் கொள்ளலாம்.

இவ்வழக்கத்தில் கருதத்தக்கது அரிசியின் அளவன்று. கையில் கூலிப் பணம் காணாத பெண்ணும் இங்குக் கொடையாளியாகின்றாள். வீட்டு அரிசிப் பானையின் பொறுப்பு அவளிடமே இருந்தமையால், சொல்லின் நேர்ப்பொருளில் உக்கிராணக்காரர் அவளே. மொழிபெயர்ப்பின் ஆண்பால் விகுதி இதனை மறைத்துவிட்டது. மேலும், அப்பிடி அரிசி எஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதன்று. உலையில் இடுமுன் எடுக்கப்படுவது. நாள்தோறும் அடுப்பங்கரையில் நிகழும் இச்சிறு செயல் ஆன்மிகப் பயிற்சியாகவும் அமைந்தது.

திருநெல்வேலிக் கிறித்தவர் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம், இந்தியரின் ஆள்பலம், இந்தியரின் பணம், இந்தியரின் நிருவாகம் என்னும் கொள்கையோடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்குப் பணியாளரை அனுப்பியது. அதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையான வே. ச. அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். வெளிநாட்டு நிதியை எதிர்நோக்கிய சபை தன் பண்டசாலையைத் தானே திறக்கக் கற்றது என இதனைக் கூறலாம்.

கணக்கொப்புவித்தல்

மெதடிஸ்ட் மரபைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1768இல் வெளியிட்ட ‘நல்ல உக்கிராணக்காரர்’ என்னும் பொருளிலான அருளுரையில், ஆன்மா, உடல், உடைமை, திறன்கள் ஆகிய அனைத்தையும் கணக்கில் சேர்க்கின்றார். சிங்கப்பூரில் 1885இல் கால்கொண்ட மெதடிஸ்ட் பணியின் வழிவந்த தமிழ்ச் சபைகளுக்கு இது நேரடி மரபுரிமையாகும். தசமபாகம் செலுத்தியதும் கணக்கு முடிந்தது எனக் கருதுவோர்க்கு வெஸ்லியின் பட்டியல் இடர் தருவது. நாவைப் பயன்படுத்திய விதமும் நேரத்தைச் செலவிட்ட விதமும் அதில் கேட்கப்படுகின்றன.

எனவே பழைய சொல்லைக் கைவிடுவதைவிட, அதனை விளக்கிக் கற்பிப்பதே தக்கது. ஞாயிறு பள்ளியில் லூக்கா 16ஐக் கற்பிப்பவர் 12ஆம் அதிகாரத்தையும் உடன்வைத்து, பண்டசாலையையும் படியையும் ஒருங்கே காட்டலாம். உக்கிராண அறையைக் கண்டிராத நகரப் பிள்ளைகளுக்கு வீட்டு அரிசிக்கலனே போதுமான எடுத்துக்காட்டு.