இல்லத்தில் ஓடும் யந்திரம்

பங்குனி பிறந்துவிட்டால் ஹைதராபாத்தில் காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. கே.பி.ஆர். பூங்காவையோ இந்திரா பூங்காவையோ அடுத்து வசிப்போர் விடியற்காலையில் ஓடிவிட்டு வரலாம். மியாப்பூரிலிருந்தும் மல்காஜ்கிரியிலிருந்தும் அலுவலகத்திற்கு விரையும் நம்மவர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. தினம் அரை மணி நேரமாவது உடல் வியர்க்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லிவிட்டார், எந்த டிரெட்மில்லை வாங்கலாம் என்று நம்மைக் கேட்கும் அன்பர்கள் பெருகி வருகின்றனர். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்கிட்டது. ஆகவே இதனை ஆடம்பரப் பேச்சென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை.

யந்திரத்தின் பூர்வ கதை அவ்வளவு இனிமையானதன்று. 1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகள் மிதித்துச் சுழற்றும் சக்கரம் ஒன்றை அமைத்தார். சில சிறைகளில் அது தானியமும் அரைத்தது; ‘மில்’ என்ற பெயர் அவ்வழி வந்ததே. கோயமுத்தூர்ச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கிற்கு அதனை மூத்த உடன்பிறப்பு எனலாம். பின்னர் 1952-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸ் என்ற இருதய வைத்தியரும் வேய்ன் க்வின்டன் என்பவரும் மின்சாரத்தால் ஓடும் கருவியை இருதயப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தனர். இன்று மருத்துவமனைகளில் நாம் மூச்சு வாங்க ஏறி இறங்கும் டி.எம்.டி. பரிசோதனை அதன் வழிவந்ததுதான். கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட தேகப்பயிற்சி நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கர் வீட்டிற்கேற்ற யந்திரத்தைச் செய்தார்.

நாம் முதன்முறை வாங்கியபோது ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறோம். கடைப் பலகையில் ‘6 குதிரை சக்தி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மூன்றே மாதங்களில் மோட்டார் சூடேறிப் பெல்ட் விட்டுவிட்டு ஓடலாயிற்று. பிறகு கையேட்டைப் புரட்டினால், அது ‘உச்ச’ சக்தியாம். ஒரு கணம் எட்டிப் பிடிக்கக்கூடியது. இடைவிடாது தரக்கூடிய சக்தியோ அதில் பாதிகூட இல்லை.

இதற்குக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. நம் சுவரில் உள்ள பிளக்கே சாட்சி சொல்லும். ஒரு குதிரை சக்தி 746 வாட். ஆறு என்றால் 4,476 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பெரிய பிளக் தருவது 3,680 வாட்தான். அரை மணி நேரம் அந்த ஆறு குதிரைகளும் எங்கிருந்து தீனி பெறும்? ஆகவே ‘தொடர் சக்தி’ எவ்வளவு என்றே கேளுங்கள். நடைக்கு 2, மெல்லோட்டத்திற்கு 2.5, வேகமாய் ஓடும் பிள்ளைகள் இருந்தால் 3 போதும். 2.5 குதிரை சக்தியே 1,865 வாட் ஆகிறபடியால், கைபேசிக்கு மின்னேற்றும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாகாது. வாடகை வீட்டில் பெரிய பிளக் சமையலறையில் மட்டுமே இருந்தால், யந்திரம் வாங்குமுன் வீட்டுக்காரரிடம் பேசிவிடுதல் நலம். பூமி இணைப்பு உண்டா என்றும் மின்பணியாளரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அதிக எடையுள்ளவரையே கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தமது காலணியுடன் அவர் பத்து நிமிஷம் ஓடட்டும். கூச்சப்பட வேண்டாம். யந்திரம் தாங்கும் எடை அவர் எடையைவிடப் பதினைந்து இருபது கிலோ கூடுதலாக இருத்தல் அவசியம். மெல்லோட்டத்திற்குப் பெல்ட் 50 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உடையதாயிருப்பது சௌகரியம். நெடிய உருவத்தினருக்கு 55 அங்குலமாவது வேண்டும். பாட்டுப் பெட்டியும் வண்ணத் திரையும் நம் மதிப்பில் ஒரு காசும் பெறா. சாய்வு வசதி மட்டும் பயனுள்ளது: ஒரு சதவீதச் சாய்வு வைத்து வேகமாக ஓடினால் வெளியே சமதரையில் ஓடும் உழைப்புக்கு ஏறக்குறைய ஈடாகுமென 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது.

மின்விசிறிக்கு நேர் கீழே யந்திரத்தை வைத்துவிடாதீர்கள். மேடையின் உயரமும் ஓடும்போது எழும் துள்ளலும் சேர்ந்தால் தலை எங்கே போகும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கனத்த ரப்பர் விரிப்பும் தேவை. காலை ஐந்து மணிக்குக் கீழ் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பது அண்டை தர்மமாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது யந்திரத்தின் பின்புறம். அங்கே ஆறடி வெற்றிடம் இருக்கட்டும். சுவரோ கட்டிலோ இருந்தால் விழுந்தவர் சிக்கிக்கொள்வார். ஓடும் பெல்ட்டின் பின்முனையில் குழந்தைகளின் கை அகப்பட்டுக்கொள்ளும். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் ஒரு வகை யந்திரத்தால் குழந்தை ஒன்று உயிரிழந்தபின், 2021-இல் அவை அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. தாத்தா ஓடும்போது பேரன் அந்த அறையில் இருக்கலாகாது. ஓட்டம் முடிந்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள்.

வாங்கிய பின்னர் பெல்ட்டின் அடியில் சில மாதங்களுக்கு ஒருமுறை சிலிக்கோன் எண்ணெய் இட வேண்டும். நல்லெண்ணெய் ஆகாதா என்று ஒரு மாமி கேட்டார், ஆகவே ஆகாது. ஆயுத பூஜையன்று யந்திரத்திற்குச் சந்தனமும் குங்குமமும் இடும் நம் வீட்டார், அன்றைக்கே அந்த எண்ணெயையும் இட்டுவிடுகிறார்கள்; ஆண்டில் மற்ற முறைகளைத்தான் நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.