பாட்டிலைக் கவிழ்த்தால் இறங்குவது என்ன?

நம் நாட்டு பீருக்கு ஏன் வெளிநாட்டு பீரின் ருசி வருவதில்லை என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கிளிசரின் கலக்கறாங்க சார்.” ஆதாரத்தையும் கையோடு காட்டிவிடுவார்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, திறந்த பாட்டிலின் வாயை விரலால் அடைத்துத் தண்ணீருக்குள் கவிழ்ப்பார்கள். விரலை எடுத்ததும் நெளிநெளியாக ஓர் இழை டம்ளரின் அடிக்கு இறங்கும். அதுதான் கிளிசரினாம். அது போனபின் குடித்தால் தலைவலி வராதாம்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இறங்குவது பீரேதான். பார்லியிலிருந்து வரும் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட்டால் தின்றுவிட முடியாது. மிச்சம் பீரிலேயே தங்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானதுதான். ஆனாலும் இந்த மிச்சத்தால் பீர் ஒரு பொட்டு கனமாகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் என்றால், சாதாரண பீர் 1,005 முதல் 1,010 கிராம் வரை இருக்கும். கனமானது கீழே இறங்க, தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. பீரில் கரைந்திருக்கும் வாயுவும் உள்ளிருந்து தள்ளுகிறது. அடர்த்தி வேறான இரண்டு திரவங்கள் சேரும் இடத்தில் ஒளி வளைவதால் அந்த நெளிவு கண்ணுக்குத் தெரிகிறது.

ஜெர்மன் பீரைக் கவிழ்த்தாலும் இதே இழை இறங்கும். வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் கவிழ்த்தாலும் இறங்கும். தலைவலி குறைந்ததாகச் சொல்பவர்கள் குடித்தது தண்ணீர் கலந்த பீர், அவ்வளவுதான். கிளிசரின் என்ற பொருள் பீரில் இல்லாமல் இல்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே லிட்டருக்கு ஓரிரு கிராம் உண்டாக்கும். உலகத்தின் எந்த பீருக்கும் இது பொருந்தும்; ஒயினில் இன்னும் அதிகம்.

அப்படியானால் ருசி எங்கே பிரிகிறது? முதலில் தானியத்தில். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பவேரியாவில் 1516-இல் வந்த சட்டம் பார்லி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, தண்ணீர் இவற்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்றது. இந்தியாவின் பெரிய ஆலைகள் மால்ட்டுடன் அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்ப்பது வழக்கம். இதில் கலப்படம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் பட்வைசரிலும் அரிசி உண்டு. அரிசி சேர்த்தால் செலவும் குறையும், பீரும் மெலிதாகும். நல்ல கூலிங்கில் மடமடவென்று குடிக்க அது தோது.

அடுத்தது ஸ்ட்ராங். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு இதுதான். ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகும். கன்னங்கரேலென்று இருக்கும் கின்னஸில் 4.2 சதவீதம்தான் என்றால் பலர் நம்ப மறுப்பார்கள். செக் நாட்டின் பில்ஸ்னர் உர்க்குவெல்லில் 4.4. மால்ட்டைக் கூட்டாமல் சர்க்கரையைக் கொண்டு ஆல்கஹாலை ஏற்றும்போது தொண்டையில் ஒரு சூடு தெரியும், கூடவே ஒரு வெற்று இனிப்பும். அதைச் சமன்செய்ய வேண்டியது ஹாப்ஸின் கசப்பு. பில்ஸ்னர் உர்க்குவெல் 1842-இல் பிறந்தபோதே அதன் அடையாளம் இந்தக் கசப்புதான். லாகர் என்ற வகையைச் சேர்ந்த நம் பீர்களில் ஹாப்ஸைக் கிள்ளித்தான் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் நம் பீரின் உண்மையான குறை இதுதான்.

சிறு ஆலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீரின் ரகசியம் பெரும்பாலும் ஈஸ்ட்டில் இருக்கிறது. தோசைமாவை நினைத்துக்கொள்ளுங்கள். குளிரில் மெல்லப் புளித்த மாவுக்கும் கோடையில் ஒரே இரவில் பொங்கிய மாவுக்கும் மணமே வேறு. லாகர் ஈஸ்ட் பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் வேலை செய்யும். வாசனை அடங்கியே இருக்கும். ஏல் என்ற வகைக்கான ஈஸ்ட் இருபது டிகிரியை ஒட்டிச் சுறுசுறுப்பாக நொதித்துப் பழ மணங்களை அள்ளிவீசும். புனேயில் 2009-இல் தொடங்கிய டூலாலி, பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் வந்த டாய்ட் போன்ற சிறு ஆலைகளில் ஜெர்மன் பாணிக் கோதுமை பீரை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் எதையும் அதில் போடவில்லை. எல்லாம் அந்த ஏல் ஈஸ்ட் தந்த வாசனை. வடிகட்டாமல் ஊற்றுவதால் மங்கலாகவும் இருக்கும்.

கடைசியாக வயது. பீருக்கு ஆக்சிஜனும் வெயிலும் ஆகாது. கப்பல் கண்டெய்னரில் வாரக்கணக்கில் வெந்து வந்த பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை தட்டும். பச்சை பாட்டில் ஒளியைச் சரியாகத் தடுக்காது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் கெட்டு ஒரு கந்தக நாற்றம் வரும். அதையே “ஃபாரின் டேஸ்ட்” என்று ரசிப்பவர்கள் உண்டு. பழுப்பு பாட்டிலில் இந்தத் தொல்லை குறைவு.

பேர் வெளிநாட்டுப் பேராக இருப்பதாலேயே பீர் அங்கிருந்து வந்தது என்றும் ஆகாது. ஹைனகனும் பட்வைசரும் இந்தியாவிலேயே தயாராகின்றன. லேபிளில் ஆலையின் ஊர் இருக்கும். அதன் பக்கத்திலேயே தயாரித்த தேதியையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து எட்டு மாதம் கிடந்த பாட்டிலும், போன மாதம் இங்கே அடைத்த லாகரும் ஒரே அலமாரியில் இருந்தால், நான் இங்கே அடைத்ததைத்தான் எடுப்பேன்.