ஷைலாக் (நாடகப் பாத்திரம்)

ஷைலாக் என்பவர் வில்லியம் ஷேக்ஸ்பியர் எழுதிய வெனிஸ் நகர வணிகன் என்னும் நாடகத்தில் வரும் யூதப் பாத்திரம் ஆவார். வட்டிக்குப் பணம் கொடுப்பது இவரது தொழில். இந்நாடகம் 1596க்கும் 1598க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1600இல் அச்சில் வெளிவந்தது. நாடகத்தின் சொற்கள் மாறாவிடினும், ஷைலாக்கின் யூத அடையாளத்தையும் சமூக நிலையையும் நடிகர் காட்டும் முறைக்கேற்ப அவர் கோமாளியாகவோ, கொடியவராகவோ, அநீதிக்கு உள்ளானவராகவோ தோன்றுகிறார். தமிழ்நாட்டில் இப்பாத்திரம் யூதர் என்பதைவிடக் கொடிய வட்டிக்காரர் என்றே பெரிதும் அறியப்படுகிறது.

கதையில் ஷைலாக்

வணிகனான அன்டோனியோ தன் நண்பனுக்காக ஷைலாக்கிடம் மூவாயிரம் பொற்காசுகளை மூன்று மாதத் தவணையில் கடனாகப் பெறுகிறான். தவறினால் அவனது உடலிலிருந்து ஒரு பவுண்டு சதையை அறுத்துக் கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். கடன் திரும்பவில்லை. இதற்கிடையில் ஷைலாக்கின் மகள் ஜெசிக்கா தந்தையின் செல்வத்தை எடுத்துக் கொண்டு ஒரு கிறித்தவ இளைஞனுடன் சென்று விடுகிறாள். வழக்கறிஞர் வேடத்தில் வரும் போர்ஷியா, சதையை எடுக்கலாம், ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்தக்கூடாது என வாதிட்டு ஷைலாக்கைத் தோற்கடிக்கிறாள்.

சமூக நிலை

ஷைலாக் செல்வந்தர்; எனினும் தாழ்த்தி வைக்கப்பட்டவர். அன்டோனியோ தன் மீது உமிழ்ந்ததையும் தன்னை நாய் என்று அழைத்ததையும் அவரே கூறுகிறார். இறுதியில் அவரை வீழ்த்துவது, நகரக் குடிமகன் ஒருவனின் உயிருக்குக் கேடு நினைக்கும் அந்நியரைத் தண்டிக்கும் சட்டமாகும். வாழும் ஊரிலும் அவர் அந்நியரே என்பது இதனால் வெளிப்படுகிறது. உயிர் பிழைக்க அவர் கிறித்தவராக மாற வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்படுகிறது.

இந்நிலைக்கு வரலாற்றுப் பின்னணி உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதர்கள் நிலம் வைத்திருக்கவும் தொழிற்சங்கங்களில் சேரவும் தடுக்கப்பட்டனர். கிறித்தவத் திருச்சபை தன் மக்களுக்கு விலக்கிய வட்டித் தொழில் அவர்களுக்கு எஞ்சியது. வெனிஸில் 1516 முதல் யூதர்கள் தனிக் குடியிருப்பில் வாழ வேண்டியிருந்தது. அதன் கதவுகள் இரவில் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் இருந்து 1290இல் வெளியேற்றப்பட்ட யூதர்கள் 1656இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். எனவே ஷேக்ஸ்பியரின் பார்வையாளர்களில் பெரும்பாலோர் யூதரை நேரில் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மேடை மரபு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷைலாக் நகைப்புக்குரியவராகவே நடிக்கப்பட்டார். 1741இல் சார்லஸ் மாக்ளின் அவரை அச்சமூட்டும் மனிதராக மாற்றினார். 1814இல் எட்மண்ட் கீன் அவருக்கு இரக்கத்தையும், 1879இல் ஹென்றி இர்விங் கண்ணியத்தையும் அளித்தனர். 1903இல் நியூயார்க்கில் யூத நடிகரான ஜேக்கப் அட்லர், பிறர் ஆங்கிலத்தில் பேச, தாம் மட்டும் யித்திய மொழியில் பேசி நடித்தார். மொழியே அங்கு ஷைலாக்கின் தனிமையைக் காட்டியது.

இதே நாடகம் வெறுப்பைப் பரப்பவும் பயன்பட்டது. நாசி ஆட்சியின் கீழ் 1943இல் வியன்னாவில் வெர்னர் கிராவுஸ் ஷைலாக்கை அருவருப்பான உருவமாக நடித்தார். அக்காலத்தில் அந்நகர யூதர்கள் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். இப்படுகொலைக்குப் பின் பாத்திரத்தை வெறும் வில்லனாக நடிப்பது அரிதாயிற்று. 1970இல் லாரன்ஸ் ஒலிவியர் மற்ற வணிகர்களைப் போன்றே உடையணிந்து தோன்றினார். தொப்பியை எடுத்தால் தெரியும் யூதர்களின் சிறு குல்லாய் மட்டுமே வேறுபாடாக இருந்தது.

தமிழில்

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) இந்நாடகத்தை வாணீபுர வணிகன் என்ற பெயரில் தழுவினார். அவர் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நடித்தனர். தொழில்முறை நடிகர்கள் கூத்தாடிகள் என இகழப்பட்ட காலத்தில் இது நாடகத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது. 1940இல் ஷைலாக் என்ற தமிழ்த் திரைப்படமும் வெளியானது.

வெனிஸ் வாணீபுரமாகலாம், ஆனால் யூத அடையாளத்துக்கு ஈடான ஒன்று தமிழ்ச் சூழலில் எளிதில் கிடைப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் போர்த்துக்கீசிய யூத வைர வணிகர் சிலர் வாழ்ந்தனர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக் கூடம் உள்ளது. எனினும் தமிழ்ப் பார்வையாளர் பலருக்கு யூதர் அறிமுகமற்றவர். வட்டிக்காரரோ நன்கு அறிமுகமானவர்.

இதனால் முக்கியமான ஒன்று மறைந்து விடுகிறது. தமிழ்ச் சமூகத்தில் வட்டிக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் கடனாளியைவிட வலியவர். ஷைலாக்கின் நிலை இதற்கு நேர்மாறானது. கடன் வாங்கியவனே குடிமகன், கொடுத்தவர் அந்நியர். மத அடையாளத்தை நீக்கிவிட்டால் அவரது சினம் வெறும் பேராசையாகிறது; கட்டாய மதமாற்றமும் பொருளிழக்கிறது.

தமிழ்ப் பேச்சிலும் எழுத்திலும் ஷைலாக் என்பது ஈவிரக்கமற்ற வட்டிக்காரரைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இச்சொல்லை அவ்வாறு பயன்படுத்துவது யூதர்களை இழிவுபடுத்துவதாகக் கருதப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.