ஜிமேட்டில் எவ்வளவு எடுத்தால் போதும்?

வெளிநாட்டில் எம்பிஏ படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். "ஜிமேட்ல எவ்வளவு எடுத்தா போதும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் அதைக் கேட்கும் விதத்துக்குப் பின்னால் பொறியியல் கவுன்சலிங் இருக்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்கு ஒரு கட்-ஆஃப். அரை மார்க் குறைந்தால் கல்லூரியே மாறிப்போகும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு எந்தத் தேர்வைப் பார்த்தாலும் "கோடு எங்கே இருக்கு?" என்றுதான் தோன்றும். ஜிமேட்டில் பெரும்பாலான பள்ளிகள் அப்படிக் கோடு எதுவும் போடுவதில்லை. கோடு இல்லாத இடத்தில் இலக்கு வைப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சீனியர்கள் சொல்லும் "700 வேணும்" பழைய தேர்வின் எண். பழைய ஜிமேட் 200 முதல் 800 வரை, எல்லா மதிப்பெண்ணும் பூஜ்யத்தில் முடியும். 2023 நவம்பரில் ஃபோகஸ் எடிஷன் என்ற பெயரில் புதிய வடிவம் வந்தது. 2024 ஜனவரியோடு பழையது நின்றுபோனது, அதே வருடத்தில் ஃபோகஸ் என்ற பெயரும் போய், இப்போது அதற்கு வெறுமனே ஜிமேட் என்றுதான் பெயர். புதியது 205 முதல் 805 வரை. எல்லா மதிப்பெண்ணும் 5-இல் முடியும். பார்ப்பதற்கு இரண்டு அளவுகோலும் ஒரே மாதிரி இருப்பதுதான் வம்பு. பழைய 700-க்குச் சமமாகத் தேர்வு நடத்தும் அமைப்பே காட்டுவது புதிய 645. பழைய 740 என்றால் புதிய 685. 655 வாங்கிவிட்டு "700 கூட வரலையே" என்று துவண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. பழைய கணக்கில் அவர்கள் 700-ஐத் தாண்டியவர்கள்! எந்த வலைத்தளத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும், கடைசி இலக்கம் 0-வா 5-ஆ என்று முதலில் பாருங்கள். சராசரி போடும்போது மட்டும் இந்த வழி உதவாது, அங்கே வருடத்தைப் பார்க்க வேண்டும்.

இனி பள்ளிகள் வெளியிடும் எண்கள். 2024-இல் சேர்ந்த ஹார்வர்ட் எம்பிஏ வகுப்புக்குப் பழைய தேர்வில் இடைநிலை 740, புதியதில் 685. அதே வருடம் வார்ட்டனில் பழைய தேர்வின் சராசரி 732. இதைப் படித்ததும் நம் மனம் உடனே 740-ஐக் கட்-ஆஃப் ஆக்கிவிடும். இடைநிலை என்றால் என்ன? மதிப்பெண் கொடுத்துச் சேர்ந்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர். அதாவது, சுமார் பாதிப் பேர் அந்த எண்ணிலோ அதற்குக் கீழோதான் இருக்கிறார்கள். சில பள்ளிகள் நடு 80 சதவீதத்தினரின் வீச்சையும் தருகின்றன. மேலே பத்து, கீழே பத்து சதவீதத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது அது. இலக்கு வைக்க சராசரியைவிட இது உபயோகமானது, ஏனென்றால் தரை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது.

ஆனால் "கீழ்ப் பாதியிலும் எடுக்கிறாங்களே" என்று நிம்மதி அடைவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் கீழ்ப் பாதியில் இருப்பவர்கள் யார்? குலுக்கிப் போட்டு எடுத்தவர்கள் அல்ல. ராணுவத்தில் இருந்து வந்தவர், தொண்டு நிறுவனம் நடத்தியவர், அந்தப் பள்ளிக்கு அரிதாக விண்ணப்பம் வரும் நாட்டுக்காரர், இப்படி வேறு ஏதோ ஒன்று கனமாக இருந்ததால் மதிப்பெண்ணில் சலுகை கிடைத்தவர்கள் அங்கே அதிகம் இருப்பார்கள். ஐடி கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர் அவர்களோடு தன்னை ஒப்பிட முடியாது. வகுப்பு முழுக்க ஒரே மாதிரி ஆட்கள் வேண்டாம் என்று பள்ளி நினைப்பதால், அவருடைய நிஜப் போட்டி அவரைப் போன்ற மற்ற பொறியாளர்களோடுதான். அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், நல்ல மதிப்பெண்ணோடு வருகிறார்கள். ஆலோசகர்கள் "இந்தியப் பொறியாளர்னா சராசரிக்கு மேல 20, 30 புள்ளி வேணும்" என்று சொல்வது இதனால்தான். எந்தப் பள்ளியும் எழுதி வைத்த விதி இல்லை இது. அந்த 20, 30 எங்கிருந்து வந்தது என்று யாராலும் காட்டவும் முடியாது. ஆனால் திசை சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு வடிகட்டலும் இருக்கிறது. ஜிமேட் சராசரி, ஜிமேட் மதிப்பெண் கொடுத்தவர்களுடைய சராசரி மட்டுமே. நல்ல மதிப்பெண் வராதவர் ஜிஆர்இ பக்கம் போயிருப்பார், அல்லது தேர்விலிருந்து விலக்குத் தரும் பள்ளியில் விலக்குக் கேட்டிருப்பார். அதனால் வெளியே தெரியும் எண், வகுப்பின் உண்மையான நிலையைவிடக் கொஞ்சம் உயரமாகவே தெரியும்.

பள்ளிக்கு அந்த எண்ணின் மேல் ஏன் இத்தனை அக்கறை? படிப்பைத் தாங்குவாரா என்று பார்க்க ஒரு அளவு வேண்டும், அது ஒரு காரணம். அதற்கு உச்ச மதிப்பெண் தேவையில்லை. இரண்டாவது காரணம் தரவரிசை. அமெரிக்காவின் யுஎஸ் நியூஸ் பட்டியல் சேர்ந்த மாணவர்களின் ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சராசரியைத் தூக்கிவிடும் விண்ணப்பதாரர் பள்ளிக்கு ஒரு சின்ன லாபம், இழுத்துவிடுபவர் ஒரு சின்ன நஷ்டம். மதிப்பைப் பார்த்து உதவித்தொகை தரும் பள்ளிகளில் இந்தக் கணக்கு நம் பாக்கெட்டைத் தொடும். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கு இருக்கலாம்: இடம் கிடைக்க ஒன்று, பணத்தோடு இடம் கிடைக்க இன்னொன்று. கடன் வாங்கித்தான் படிக்கணும் என்ற நிலையில் இருப்பவர்கள் இரண்டாவது எண்ணை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முதல் பட்டியலில் இருக்கும் பள்ளியில் 665-உம், அதற்கு ஒரு படி கீழே இருக்கும் பள்ளியில் அதே 665-உம் ஒரே வேலையைச் செய்யாது. இங்கே அனுமதிக்கே இழுபறி, அங்கே கட்டணத்தில் ஒரு பகுதி குறையலாம்.

சரி, ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், 685 என்று வையுங்கள். அதை எப்படிப் பிரிப்பது? புதிய தேர்வில் மூன்று பகுதிகள்: குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ். ஒவ்வொன்றும் 45 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் 60 முதல் 90 வரை மதிப்பெண், மூன்றுக்கும் சம எடை. இதிலிருந்து ஒரு எளிய கணக்கு வரும். மூன்றையும் கூட்டினால் 180 முதல் 270 வரை, அதாவது 90 படிகள். மொத்த மதிப்பெண்ணோ 205 முதல் 805 வரை, 600 புள்ளிகள். ஆக ஒரு பகுதியில் ஒரு மதிப்பெண் கூடினால் மொத்தத்தில் சுமார் 6.67 புள்ளி கூடும். மூன்று மதிப்பெண்ணுக்கு 20 புள்ளி.

ஒரு பொறியாளரின் மாதிரித் தேர்வு இப்படி வந்தது என்று வைப்போம்: குவான்ட் 86, வெர்பல் 81, டேட்டா இன்சைட்ஸ் 76. கூட்டினால் 243. 180-ஐக் கழித்தால் 63, அதை 6.67-ஆல் பெருக்கி 205-ஐக் கூட்டினால் 625. 685-க்கு அவருக்குக் கூட்டுத்தொகை 252 வேண்டும், இன்னும் ஒன்பது மதிப்பெண். எங்கிருந்து வரும்? நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் மறுபடியும் கணக்குப் புத்தகத்தைத்தான் திறப்பார்கள். 86-இலிருந்து 88-க்குப் போவது மலையேற்றம். டேட்டா இன்சைட்ஸில் 76-இலிருந்து 81, வெர்பலில் 81-இலிருந்து 84, குவான்டில் ஒன்று, இது நடக்கக்கூடியது. பழைய தேர்வில் மொத்தம் என்பது குவான்ட், வெர்பல் இரண்டை மட்டும் வைத்து வந்தது. அட்டவணை, வரைபடம் படிக்கும் பகுதி தனியாக ஓரமாகக் கிடந்தது, யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்று அது மூன்றில் ஒரு பங்கு. சீனியரின் படிப்புத் திட்டத்தை அப்படியே எடுத்து ஓட்ட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். வெர்பலில் இலக்கணத் திருத்தக் கேள்விகளும் போய்விட்டன, குவான்டில் வடிவியல் போய்விட்டது.

பகுதிகளைப் பார்க்கும்போது பர்சென்டைலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா இன்சைட்ஸில் 80 வாங்கியவர், குவான்டில் 80 வாங்கியவரைவிட வரிசையில் நன்றாக மேலே நிற்பார். ஒரே எண், வேறு வேறு இடம்.

இப்போது, பலர் யோசிக்காமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. ஒரே ஆள், ஒரே தயாரிப்பு, அடுத்தடுத்து எழுதினால் ஒரே மதிப்பெண் வராது. பழைய ஜிமேட்டுக்கு இது 30 முதல் 40 புள்ளி வரை என்று தேர்வு நடத்தும் அமைப்பே சொல்லி வந்தது. புதியதற்கும் 30 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் நிஜமான நிலை 655, இலக்கு 685. ஒருமுறை எழுதினால் 685-ஐத் தொட வாய்ப்பு சுமார் 16 சதவீதம். பெரும்பாலான பள்ளிகள் உங்களுடைய சிறந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால், மூன்று முறை எழுதினால் எப்போதாவது ஒருமுறை தொடும் வாய்ப்பு 41 சதவீதம் வரை போகும், புதிதாக ஒரு வரி படிக்காமலேயே! நிஜமான நிலை 675-க்கு வந்துவிட்டால் ஒருமுறைக்கு 37 சதவீதம், மூன்று முறைக்கு 75 சதவீதம். ஆக, மாதிரித் தேர்வுகளின் சராசரி இலக்குக்குப் பத்துப் புள்ளி கீழே வந்ததுமே எழுதத் தொடங்கலாம். இலக்கைத் தொட்ட பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருக்க வேண்டாம். அதே சமயம், ஒரே முறையில் முடிச்சிடலாம் என்று காலண்டர் போடவும் கூடாது.

மூன்றாவதுக்குப் பிறகு இந்த லாபம் வேகமாகச் சுருங்கும். 30 புள்ளிப் பிழையில், இரண்டில் சிறந்ததை எடுப்பது சராசரியாக 17 புள்ளி தரும், மூன்றில் 25, நான்கில் 31. நான்காவது முறை கூட்டித் தருவது ஆறே புள்ளி. ஒருமுறை எழுத இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறைதான் அனுமதி, இரண்டு முயற்சிக்கு நடுவே குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும். மதிப்பெண் நகராமல் நான்காவது, ஐந்தாவது என்று போகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஒரு வேலையைத் தள்ளிப் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம். "எம்பிஏ எதுக்கு?" என்ற கட்டுரையை எழுதுவதைவிட இன்னொரு மாதிரித் தேர்வு எழுதுவது சுலபம். தேர்வுக்கு விடை உண்டு, கட்டுரைக்கு இல்லை.

அதனால் இலக்கோடு ஒரு தேதியையும் சேர்த்து எழுதணும். அமெரிக்கப் பள்ளிகளில் முதல் ரவுண்டு பெரும்பாலும் செப்டம்பரில், இரண்டாவது ஜனவரித் தொடக்கத்தில் முடியும். செப்டம்பருக்குப் போவதாக இருந்தால் ஜூலை முடிவுக்குள் கையில் ஒரு மதிப்பெண் இருக்கட்டும். இல்லையென்றால் கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஆகஸ்டில் நெருக்கியடிக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது உங்கள் மேலாளர், அவருக்கும் வேலை இருக்கும். ஜூலை முடிவில் 685-க்குப் பதில் 665 இருக்கிறது என்றால்? பழைய தேர்வில் எவ்வளவு எடுத்திருப்பேனோ என்று புலம்புவதைவிட மூன்று வழிகளை எடைபோடலாம்: 665-ஓடு பள்ளிப் பட்டியலைத் திருத்தி செப்டம்பரில் போவது, ஜனவரிக்குத் தள்ளி இன்னொரு முறை எழுதுவது, அல்லது சில பள்ளிகளுக்கு இப்போது, சிலவற்றுக்கு ஜனவரியில். இருபது புள்ளி என்பது அளவீட்டுப் பிழையை விடச் சின்னது. உங்கள் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் பலமாக இருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கல்லூரியில் கணக்குப் பாடங்களில் மதிப்பெண் மோசமாக இருந்து, குவான்டும் 78-இலேயே நின்றிருந்தால் மட்டும் காத்திருக்கச் சொல்வேன். அங்கே பள்ளிக்கு வரும் சந்தேகம் சராசரியைப் பற்றியது இல்லை, "இவர் முதல் செமஸ்டர் ஃபைனான்ஸைத் தாங்குவாரா?" என்பது.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலை: அதிகாரபூர்வ இலவச மாதிரித் தேர்வுகளில் ஒன்றை, எதுவும் படிக்காமல், மூன்று பகுதியையும் நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். தனியார் மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்ணை வைத்து இலக்கு வைப்பது தராசைச் சரிபார்க்காமல் எடை போடுவது மாதிரி. அவற்றைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மதிப்பெண் 565 வந்தால், 685-க்கு இன்னும் 18 பகுதி மதிப்பெண் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே அதை மூன்று மாதத்தில் எட்டப் பார்ப்பது பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம், ஆறு மாதம் ஒதுக்கலாம்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு தகவல்: மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். படிக்கும் பழக்கம் விட்டுப்போகும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு, மூன்று வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம்.