இளமையில் ஏறிய கிரீடம்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கூத்துப் பழகுமுன், யாருக்கு எவ்வேடம் என்பதை அண்ணாவியாரே தீர்மானிப்பார். குரலும் தாளக்கட்டும் உடற்கட்டும் பார்த்தே ‘சட்டம்’ கொடுப்பார். வடமோடி அரசனின் கரப்புடுப்பும் கிரீடமும் பாரமானவை. அவற்றைச் சுமந்தபடியே வட்டக்களரியிற் பாடியாட வேண்டும். (கொலுவில் அமர்ந்து வசனம் பேசும் மன்னர் அல்லர் இவர்!) ஆதலால் பெரிய வேடம் பழகிய கால்களையே நாடும்.

ஆயினும் வயது மட்டுமே தகுதியன்று என்போம். 1943இல் பிறந்த மட்டக்களப்பு மைந்தர் சி. மௌனகுரு, பேராதனையில் மாணவராயிருந்த 1960களின் நடுப்பகுதியிலேயே, பேராசிரியர் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்திய ‘இராவணேசன்’ வடமோடிக் கூத்தில் இராவணனாக ஆடினார். கூத்தை எழுதியவரும் அவரே! இலங்கை வேந்தன் வேடமென்றால் இலேசா?

இளைஞர் எத்தனை விரைவாக வேடம் பெற்றாலும், அரங்கேற்ற இரவில் மத்தளத்தோடு அண்ணாவியார் களரியில் நிற்பார். தாளம் பிசகினால் அவர் செவிக்குத் தப்பாது.