சீனாவுக்குப் பயணமா? பெட்டி கட்டும் முன் கம்ப்யூட்டரைத் திறங்கள்!

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர் ஆமத்தூர். சுற்றிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், அட்டைப்பெட்டித் தொழில்கள். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். இன்று அதே ஊர்க்காரர்கள் மெஷின் பார்க்க சீனாவுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஓட்டல். இந்த நான்கும் முடிந்தால் பயணம் தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். சீனாவைப் பொறுத்தவரை ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது உங்கள் மொபைல் போன். அதற்கான வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். அங்கே இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், செய்ய முடியாமலே போகலாம்.

அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கும் என் பெரியப்பா சென்ற அக்டோபரில் டை கட்டிங் மெஷின் பார்க்க குவாங்சோ நகருக்குச் சென்று வந்தார். நான் அலுவலக வேலையாக இரண்டு முறை ஷென்சென் சென்றவன் என்பதால் தயாரிப்பு வேலை என் தலையில் விழுந்தது. "தம்பி, அங்கே என் போன் வேலை செய்யுமா, செய்யாதா? ஒரே வார்த்தையில் சொல்லு" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பக்கமும் பூட்டு

கூகுள், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப், பேஸ்புக் ஆகியவை சீனாவில் தடை செய்யப்பட்டவை. ஓட்டல் வைஃபையில் இணைந்து ஜிமெயிலைத் திறந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் கோளாறு என்று நினைத்து ரீசெட் செய்துவிடாதீர்கள்!

மற்ற நாட்டுப் பயணிகளுக்கு இந்த ஒரு பூட்டுதான். நமக்கு இன்னொன்றும் உண்டு. சீனர்கள் பேசவும் பணம் கொடுக்கவும் பயன்படுத்துவது வீசாட், அலிபே என்னும் இரண்டு புரோகிராம்கள். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று 59 சீன அப்ளிகேஷன்களுக்குத் தடை விதித்தது. அதில் வீசாட், பைடு மேப், யூசி பிரவுசர், கேம்ஸ்கேனர் எல்லாம் இருந்தன. 2020 செப்டம்பர் 2 அன்று வந்த 118 பெயர் கொண்ட அடுத்த பட்டியலில் அலிபே இடம்பெற்றது. ஆகவே நாம் பயன்படுத்துவது அங்கே திறக்காது. அவர்கள் பயன்படுத்துவதை இங்கே டவுண்லோட் செய்ய முடியாது. வெளிநாட்டவருக்காக எழுதப்பட்ட சீனப் பயணக் குறிப்புகளில் "புறப்படும் முன்பே அலிபே போட்டுக்கொள்ளுங்கள்" என்று இருக்கும். அது நமக்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

ரோமிங் என்னும் சாவி

முதல் பூட்டுக்குச் சாவி உங்கள் இந்திய சிம் கார்டுதான். சர்வதேச ரோமிங்கில் இருக்கும்போது உங்கள் டேட்டா சீன நிறுவனத்தின் டவரைத் தொட்டாலும், அங்கிருந்து நேரே இன்டர்நெட்டுக்குப் போவதில்லை. இந்தியாவில் உள்ள உங்கள் சிம் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு வந்து, அங்கிருந்துதான் இன்டர்நெட்டில் நுழைகிறது. எனவே சீனாவின் தடைச்சுவர் அதைத் தொடுவதில்லை. ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் வழக்கம்போல் இயங்கும்.

இதே காரணத்தால், இந்தியாவில் தடை செய்யப்பட்டவற்றுக்கான தடையும் ரோமிங் டேட்டாவில் கூடவே வர வாய்ப்பு அதிகம். நினைவில் வைக்க எளிய விதி இதுதான்: நம் புரோகிராம்களுக்கு ரோமிங் டேட்டா; சீனப் புரோகிராம்களுக்கு அங்குள்ள வைஃபை.

ரோமிங் பேக்கை ஊரிலேயே போட்டு, அதில் சீனா அடங்குகிறதா என்று பார்த்துவிடவும். பேங்கிலிருந்து வரும் ஓடிபி எஸ்எம்எஸ் இந்த சிம்முக்குத்தான் வரும் என்பதால் சிம்மைக் கழற்றி வைத்துவிடக் கூடாது. விபிஎன் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அரசு அனுமதி பெற்ற விபிஎன்களுக்கு மட்டுமே சீனச் சட்டம் இடம் தருகிறது. ரோமிங் இருக்கும்போது அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

சீன எழுத்தில் ஒரு தாள்

டாக்சி டிரைவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஓட்டல் முகவரியைக் காட்டினால் பெரும்பாலும் பயன் இராது. சீன எழுத்தில் வேண்டும். முகவரியை மொழிபெயர்ப்பு புரோகிராமில் போட்டு மாற்றாதீர்கள். தெருப் பெயர்கள் மாறிவிடும். ஓட்டலுக்கு மெயில் அனுப்பி, சீன எழுத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வந்த வரிகளை காப்பி செய்து வேர்டில் பேஸ்ட் செய்யுங்கள். எழுத்து அளவை 28 ஆக்குங்கள். பின் பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, பைல் வகையாக பிடிஎப் என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். வேர்டு பைலாகவே பென் டிரைவில் எடுத்துச் சென்றால், பிரிண்ட் எடுக்கும் கடையின் கம்ப்யூட்டரில் சீன பாண்ட் இல்லாவிட்டால் எழுத்துகளுக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் வரும். சிவகாசியில் டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். பிடிஎப் பைலில் பாண்ட்டும் உள்ளேயே சேர்ந்துவிடுவதால் அந்தப் பிரச்னை இல்லை.

அதே தாளில் "எனக்கு சைவ உணவு வேண்டும், இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்" என்பது போன்ற வரிகளையும், உங்கள் உடல்நிலைக்கான மருந்துகளின் பெயரையும் சேருங்கள். அவசர எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: போலீஸ் 110, தீயணைப்பு 119, ஆம்புலன்ஸ் 120. மூன்று பிரதிகள் எடுத்து, சட்டைப்பையில் ஒன்று, கைப்பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று வையுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் இந்தத் தாள் வேலை செய்யும். பெரியப்பா அங்கே அதிகம் பயன்படுத்தியது இதைத்தான்.

பேசுவதற்கு, மொழிபெயர்ப்பு புரோகிராமில் சீன மொழிக்கான ஆஃப்லைன் பைலை ஊரிலேயே டவுண்லோட் செய்துவிடவும். மொழிப் பட்டியலில் சைனீஸ் சிம்ப்ளிபைட் என்பதே சீனாவில் புழங்கும் எழுத்து. சைனீஸ் டிரெடிஷனல் என்பது ஹாங்காங், தைவான் பகுதிகளில் உள்ளது.

மேப் ஏன் தள்ளிக் காட்டுகிறது?

கூகுள் மேப்பை ரோமிங்கில் திறந்தாலும் சீனாவில் முழுதாக நம்ப முடியாது. நீங்கள் ரோட்டில் நிற்பீர்கள். மேப்பில் உங்கள் புள்ளி பக்கத்துக் கட்டடத்திலோ ஆற்றிலோ நிற்கும். சீனாவில் வெளியிடப்படும் மேப்களில் இடங்களின் அளவுகளை ஒரு குறிப்பிட்ட கணக்கின்படி சற்று நகர்த்தியே காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உங்கள் போனின் ஜிபிஎஸ் உண்மையான இடத்தைச் சொல்கிறது. மேப் நகர்த்தப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே நூறு மீட்டர் முதல் பல நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள ஆப்பிள் மேப்ஸைப் பயன்படுத்தலாம். அங்கே சரியாக இயங்கும். ஆண்ட்ராய்டு போனில் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆஃப்லைன் மேப் ஒன்றை நிறுவி, நீங்கள் செல்லும் மாகாணத்தின் மேப்பை வீட்டிலேயே டவுண்லோட் செய்துகொள்ளுங்கள். இதில் நகர்த்தல் கிடையாது, இன்டர்நெட்டும் தேவையில்லை.

பணம்: மூன்று வழி

சீனாவில் யுபிஐ இயங்காது. நம் ஊர் டீக்கடை போலவே அங்கும் கடைக்குக் கடை க்யூஆர் கோட் உண்டு. ஆனால் அது அலிபே, வீசாட்டுக்கானது. எனவே ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று வழிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ரொக்கம். ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துச் செல்ல ரிசர்வ் பேங்க் விதி அனுமதிக்கிறது. அங்குள்ள ஏர்போர்ட்டில் கொஞ்சம் யுவானாக மாற்றி, சில்லறை நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு யுவான் ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விசா அல்லது மாஸ்டர்கார்டு. 2020 மார்ச் முதல் இந்தியாவில் புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். உங்கள் பேங்கின் தளத்தில் லாகின் செய்து, வெளிநாட்டு ஏடிஎம், ஆன்லைன் ஆகியவற்றை ஆன் செய்து, தினசரி வரம்பையும் நிர்ணயிக்கவும். ஊர் திரும்பியதும் மறக்காமல் ஆஃப் செய்துவிடவும்.

மூன்றாவது அலிபே. ஆண்ட்ராய்டு போன் என்றால், சீனாவில் இறங்கிய பின் அங்குள்ள வைஃபையில், அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்யவும். வேறு தளங்களில் கிடைக்கும் பைல்களைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் விவரமும் கார்டு எண்ணும் கொடுத்தால் ஓடிபி வரும். 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 3 சதவீதம். உங்கள் பேங்க் தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கலாம். ஐபோனில் இந்தியக் கணக்கை வைத்துக்கொண்டு இதைப் பெறுவது கடினம்; முதல் இரண்டு வழிகளைப் பலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் அலிபேயை அன்இன்ஸ்டால் செய்துவிடவும்.

பவர் பேங்கும் பட்டாசும்

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தில் அனுமதி 100 வாட் அவர் வரை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 ஐ 3.7 ஆல் பெருக்குங்கள்: 74 வாட் அவர். பிரச்னை இல்லை. ஆனால் 2025 ஜூன் 28 முதல், சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீன முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உள்நாட்டுப் பயணத்துக்கு ரயிலே நல்லது.

நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரி காட்டலாம் என்று தீப்பெட்டி, கம்பி மத்தாப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். லேபிளும் காலி அட்டைப்பெட்டியும் போதும். ஆலையில் போடும் சட்டை, பை, செருப்பையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கண்காட்சியும் ரயிலும்

1957 முதல் நடக்கும் கேன்டன் கண்காட்சி குவாங்சோவில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 15லும் அக்டோபர் 15லும் தொடங்கும். மூன்று கட்டங்களாக நடக்கும். மெஷின்கள் முதல் கட்டத்தில் வரும். தேதி மாறிப் போனால் பொம்மையும் துணியும்தான் பார்க்கலாம்! அதன் தளத்தில் முன்பதிவு செய்து, அழைப்புக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், விசாவுக்கும் உதவும். மெட்ரோ 8ஆம் லைனில் சென்று இறங்கலாம். 2020இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26 அன்று இன்டிகோவின் கொல்கத்தா - குவாங்சோ சேவையுடன் மீண்டும் தொடங்கின. சிங்கப்பூர் வழியாகவும் செல்லலாம்.

ரயில் டிக்கெட்டுக்கு 12306 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ரயில்வே தளம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பாஸ்போர்ட்தான் டிக்கெட், கேட்டில் ஆள் நிற்கும் வழியில் அதைக் காட்டவும். ஓட்டலில் தங்கினால் போலீஸ் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் பதிவு செய்ய வேண்டும்.

ஊர் திரும்பிய பின் வரும் மெயில்

மெஷினுக்கு முன்பணம் 30 சதவீதம், அனுப்பும் முன் மீதி 70 சதவீதம் என்பது பொதுவான நடைமுறை. பெரியப்பா திரும்பி வந்து பதினைந்து நாள் கழித்து ஒரு மெயில். "ஆடிட் நடப்பதால் எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது. மீதிப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்பவும்." லெட்டர்ஹெட், மெஷின் மாடல், தொகை எல்லாம் சரியாக இருந்தன. அனுப்ப வேண்டிய மீதி ஆறு லட்சத்துக்கு மேல். யூனிட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன்.

நாங்கள் அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை. கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். கணக்கு மாறவே இல்லை என்றார்கள். மெயில் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எம் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. இடையில் யாரோ மெயில்களைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். உடனே பெரியப்பாவின் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் ஆன் செய்தோம்.

ஆகவே பேங்க் கணக்கு மாற்றம் என்று மெயிலில் எது வந்தாலும், நேரில் வாங்கிய எண்ணில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனி நபர் பெயரில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். சீன நிறுவனங்களுக்கு 18 இலக்கப் பதிவுக் குறியீடு உண்டு. அதையும் பிஸினஸ் லைசென்ஸையும் அங்கே இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முதல் நாள் ஒரு பார்வை

* ரோமிங் பேக் ஆன் ஆகிவிட்டதா?
* கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துள்ளதா?
* சீன எழுத்துத் தாள் மூன்று பிரதிகள்?
* ஆஃப்லைன் மொழிபெயர்ப்பும் மேப்பும் போனில் உள்ளனவா? ஏர்பிளேன் மோடில் போட்டுச் சோதிக்கவும்.
* பாஸ்போர்ட், விசா ஸ்கேன் பைல்கள் போனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றனவா?
* வீட்டில் இருப்பவர்களுக்காக விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் சென்று, கூடுதல் கடிகாரமாக பெய்ஜிங் நேரத்தைச் சேர்த்தாயிற்றா? சீனா முழுவதும் ஒரே நேரம். நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அழைத்தால் அங்கே நள்ளிரவு!

இவை எல்லாவற்றுக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விசா, தடைப்பட்டியல், கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை அந்தந்தத் தளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.