வெந்நீர் விட்ட தடம்

சென்னை கே.கே. நகருக்குத் தெற்கே நிற்கும் பரங்கிமலையின் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. ஆனால் பூமியின் ஆழத்தில் வெந்தபோதே யுரேனியத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்ட வகைப் பாறை அது. ஆக, யுரேனியத் தாது கிடைக்கப் பாறையின் பழமை மட்டும் போதாது. தெலங்கானாவின் லம்பாபூரில், ஸ்ரீசைலம் குவார்ட்சைட்டுக்கு அடியில், விரிசல் விட்டு உருமாறிய கிரானைட்டில்தான் தாது பெரும்பாலும் இருக்கிறது. ஆக்சிஜன் கலந்த வெந்நீர் யுரேனியத்தைக் கரைத்துச் சுமந்து வரும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இறக்கிவிடும். போகிற போக்கில் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கி, பச்சைக் குளோரைட்டையும் செந்நிற ஹேமடைட்டையும் விட்டுச் செல்லும்.

மழைநீரும் கிரானைட்டைக் களிமண்ணாக்குமே என்று கேட்கலாம். ஆக்கும்தான்; ஆனால் அது மேலிருந்து பரவலாக இறங்கும், மிஞ்சுவது பெரும்பாலும் கேயோலின் என்ற களிமண். வெந்நீரின் தடமோ விரிசலைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகும். அங்கே இல்லைட் என்ற களிமண்ணும் குளோரைட்டும் மிகும். கனடாவின் சிகார் லேக் தாது 400 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அவ்வளவு பாறையைத் தாண்டி அதன் காமா கதிர் மேலே வராது. துளையிடுவோருக்கு அங்கே பெரிய இலக்கு, தாதுவைச் சுற்றி வெந்நீர் விட்டுச்சென்ற களிமண் வளையம்தான்.